செய்தறிதலும் கோட்பாட்டுச் சோதனையும்: திரைப்பட, தொலைக்காட்சிக் கல்வி குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

திரைப்படமும் தொலைக்காட்சியும் தமிழ்த்துறைகளில் ஆய்வுப் பொருள்களாக ஏற்கப்பட்டுள்ளன. எனினும் அவை பெரும்பாலும் கதை, உரையாடல், பாடல் ஆகிய சொல்வழிக் கூறுகளைக் கொண்டே ஆராயப்படுகின்றன. கோட்பாடு வகுப்பறைக்கும் செய்முறை தொழிற்பயிற்சி நிலையத்திற்கும் உரியவை என்னும் பிரிவினையே இதற்குக் காரணம். செய்முறையைக் கோட்பாட்டுக்கான எடுத்துக்காட்டாகக் கருதும் வழக்கத்தை மறுத்து, அதனைக் கோட்பாட்டின் சோதனைக்களமாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். குலெசோவ் சோதனை, ஆந்த்ரே பசானின் ஆழக்குவியக் கருத்து, தொலைக்காட்சித் தொடரின் பல்கருவிப் பதிவு ஆகிய மூன்றும் இதற்குச் சான்றுகளாக ஆராயப்படுகின்றன. தமிழ்த்துறைகளில் மேற்கொள்ளத்தக்க மூன்று பயிற்சிகளும் முன்மொழியப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரைக்கல்வி, செய்முறை, படத்தொகுப்பு, ஆழக்குவியம், மெய்ப்பாடு, தொலைக்காட்சித் தொடர், அரங்கேற்று காதை.

1. முன்னுரை

ஒரு திரைப்படக் காட்சியில் நாயகியின் முகத்தில் பாதி இருளில் இருப்பதாகக் கொள்வோம். ஆய்வேடு அதனை அவளுடைய மனப்பிளவின் குறியீடு என விளக்கலாம். அவ்விளக்கம் சரியாகவும் இருக்கலாம். ஆயின் அவ்விருள் ஒளிப்பதிவாளரின் தெரிவால் வந்ததா, ஒரே சன்னல் உள்ள உண்மையான அறையில் படம்பிடித்ததால் வந்ததா, அப்படத்தின் எல்லா முகங்களும் அவ்வாறே ஒளியூட்டப்பட்டுள்ளனவா என்னும் வினாக்களை எழுப்பாமல் அம்முடிவுக்கு வருதல் முறையாகாது. இவ்வினாக்கள் எழவேண்டுமாயின், ஒரு முகத்திற்கு ஒளியமைத்துப் பார்த்த பட்டறிவு சிறிதேனும் ஆய்வாளருக்குத் தேவை.

மறுபுறம், தொழில்நுட்பம் மட்டும் பயின்றவர் ‘இப்படித்தான் வைப்பார்கள்’ என்னும் வழக்கைக் காரணம் கேளாமல் பின்பற்றும் நிலையும் உள்ளது. முன்னவர் பொருளைக் கண்டு ஆக்கத்தைக் காணாது விடுகிறார்; பின்னவர் ஆக்கத்தை அறிந்தும் பொருளை வினவாது விடுகிறார். இவ்விரு குறைகளும் ஒரே பிரிவினையிலிருந்து தோன்றியவை. அப்பிரிவினை நமது கலைமரபுக்கு இயல்பானதா என்பதை முதலில் நோக்குவோம்.

2. தமிழ் மரபில் நூலும் வினையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலை வருணிப்பதற்கு முன் அவ்வாடலை ஆக்குவோரை வருணிக்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் எனத் தனித்தனியே அவரவர் தகுதிகள் கூறப்படுகின்றன. இவர்களுள் எவருக்கும் தத்தம் கருவியின் தேர்ச்சி மட்டும் போதுமானதாகச் சொல்லப்படவில்லை. ஒவ்வொருவரும் பிறர் கலையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அப்பகுதியின் உட்கிடை.

அதனையடுத்து அரங்கின் அளவு வருகிறது. இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் எனக் கணக்கிட்டு அரங்கம் அமைக்கப்படுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் அமைகின்றன. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகள் வைக்கப்பட்டன என்னும் செய்தி இங்கு மிகுந்த கவனத்திற்குரியது. விளக்கை ஓரிடத்தில் வைத்து, நிழல் எங்கு விழுகிறது என்று பார்த்து, இடம் மாற்றி வைத்த அனுபவம் உள்ள மரபிலன்றி இச்செய்தி காப்பியத்தில் இடம்பெற்றிராது. அடியார்க்குநல்லார் இக்காதைக்கு எழுதிய உரை இசை, நாடக இலக்கணங்களின் கருவூலமாகத் திகழ்வதும், இலக்கிய உரையாசிரியர் ஒருவர் அரங்கத் தொழில்நுட்பத்தைத் தம் புலமைக்குப் புறம்பானதாகக் கருதவில்லை என்பதைக் காட்டுகிறது.

யாப்பிலக்கணக் கல்வியும் இவ்வாறே நடந்தது. ஈற்றடி கொடுத்து வெண்பா இயற்றச் செய்வது பழைய பயிற்சிமுறை. அதனைச் செய்த அனைவரும் புலவர்களாகிவிடவில்லை. ஆயினும் தளை தட்டும் இடத்தைத் தம் கையால் உணர்ந்தவர், பிறர் வெண்பாவைப் படிக்கும்போது அங்குப் புலவன் எதிர்கொண்ட இடர்ப்பாட்டையும் அதனைக் கடந்த திறனையும் அறிந்துகொண்டார். திரைக்கல்வியில் செய்முறைக்கு இக்கட்டுரை கோரும் இடம் இதுவே.

3. பட்டறையில் பிறந்த கோட்பாடு: குலெசோவ்

திரைப்படக் கோட்பாட்டின் தொடக்கக் கருத்துகள் பலவும் பயிற்சிக் கூடத்தில் பிறந்தவை. 1919இல் மாஸ்கோவில் அரசு திரைப்படப் பள்ளி நிறுவப்பட்டது. அங்கு ஆசிரியராகச் சேர்ந்த லெவ் குலெசோவ் 1899இல் பிறந்தவர். அப்போது இருபது வயதை ஒட்டிய இளைஞர். உள்நாட்டுப் போரால் படச்சுருள் கிடைப்பது அரிதாயிருந்தது. எனவே அவருடைய மாணவர்கள் படச்சுருள் இல்லாமலேயே படம் எடுக்கப் பழகினர். காட்சியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மேடையில் நடித்துக்காட்டினர். கிடைத்த பழைய படங்களை வெட்டி, வரிசை மாற்றி ஒட்டிப் பார்த்தனர். டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘இன்டாலரன்ஸ்’ (1916) அவர்கள் கூர்ந்து பயின்ற படங்களுள் ஒன்று. பின்னாளில் ‘தாய்’ (1926) படத்தை இயக்கிய புதோவ்கின் இப்பட்டறையில் பயின்றவர்.

குலெசோவின் பெயரால் வழங்கும் சோதனை யாவரும் அறிந்தது. நடிகர் மொசூகினின் உணர்ச்சி வெளிப்படாத ஒரே முகக்காட்சி, சூப்புக் கிண்ணம், சவப்பெட்டி முதலிய வெவ்வேறு காட்சிகளோடு இணைக்கப்பட்டது. பார்வையாளர்கள் அம்முகத்தில் பசியையும் துயரையும் கண்டு நடிப்பை வியந்தனர் என்பர். பொருள் ஒரு ஷாட்டுக்குள் (ஒரே ஓட்டத்தில் பதிவான காட்சித்துண்டுக்குள்) இல்லை, இரு ஷாட்டுகளின் சேர்க்கையில் பிறக்கிறது என்னும் படத்தொகுப்புக் கோட்பாடு இதன்வழி நிறுவப்படுகிறது.

இச்சோதனை பாடநூல்களில் ஐயத்திற்கிடமற்ற உண்மையாகவே இடம்பெறுகிறது. ஆனால் அப்படத்துண்டு இன்று கிடைக்கவில்லை. குலெசோவும் புதோவ்கினும் தரும் விவரங்களில் இணைக்கப்பட்ட காட்சிகள் எவை என்பதிலேயே வேறுபாடு உண்டு. 1992இல் ஸ்டீபன் பிரின்ஸ், வெய்ன் ஹென்ஸ்லி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இச்சோதனையை மீண்டும் நிகழ்த்தினர். கூறப்பட்ட விளைவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2006இல் டீன் மோப்ஸ் உள்ளிட்ட நரம்பியல் ஆய்வாளர்கள் வேறு முறையில் நிகழ்த்திய ஆய்வில், சூழற்காட்சி முகத்தின் பொருளை மாற்றுவது தெரியவந்தது.

இம்முரண்பாடு கோட்பாட்டைத் தகர்த்துவிடவில்லை. அதன் எல்லையைத் தெளிவாக்குகிறது. முகமும் பொருளும் அடுத்தடுத்து வருவதாலேயே பொருள் பிறந்துவிடாது. நோக்கும் திசை, முகத்தின் அளவு, ஒளியின் ஒப்புமை, துண்டின் கால அளவு ஆகியவை பொருந்தும்போதே இருவேறு துண்டுகள் ஒரே இடத்தவை எனப் பார்வையாளர் கொள்கின்றனர். இந்நிபந்தனைகள் கோட்பாட்டுச் சுருக்கத்தில் மறைந்துவிடுகின்றன. சோதனையைத் தாமே செய்து பார்ப்பவர் இவற்றை முதல் முயற்சியிலேயே எதிர்கொள்கிறார்.

4. இருக்கையிலிருந்து எழுந்த கோட்பாடு: பசான்

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பசான் படத்தொகுப்புக் கோட்பாட்டுக்கு மறுதலையான நிலையை எடுத்தவர். காட்சியைத் துண்டாடாமல், முன்னிலையும் பின்னிலையும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் ஆழக்குவியத்தில் அமைக்கும்போது, நிகழ்விடத்தின் ஒருமை சிதையாமல் நிற்கிறது. எதைப் பார்ப்பது என்னும் உரிமையும் பார்வையாளருக்குக் கிடைக்கிறது என்பது அவர் கருத்து. ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) அவருக்கு முதன்மைச் சான்று. சூசன் நஞ்சருந்திக் கிடக்கும் காட்சியை அவர் சிறப்பாக எடுத்துப் பேசினார். அதில் முன்னே பெரிதாகக் கண்ணாடிக் குவளை, இடையே நிழலில் படுக்கை, பின்னே தொலைவில் கேன் உடைத்துத் திறக்கும் கதவு என மூன்று தளங்கள் ஒரே சட்டகத்தில் உள்ளன.

இனி ஆக்கத்தின் பக்கம் செல்வோம். குவியத்தூரம் குறைந்த லென்ஸும் சிறிய ஒளித்துளையும் தெளிவின் ஆழத்தை மிகுவிக்கும். ஒளித்துளையை ஒரு படி குறைத்தால் உட்புகும் ஒளி பாதியாகும். அதனை ஈடுசெய்ய விளக்கொளியை இருமடங்காக்க வேண்டும். இக்காட்சியில் குவளை கருவிக்கு மிக அருகில் இருந்ததால், எவ்வளவு ஒளி பாய்ச்சினும் குவளையும் கதவும் ஒருசேரத் தெளிவாகப் பதிய இயலாது. எனவே ஒரே படச்சுருளில் இருமுறை ஒளிபடச் செய்து இக்காட்சி ஆக்கப்பட்டது. பின்புலத்தை இருளாக்கி முன்பகுதியைப் பதிந்து, சுருளைத் திரும்பச் சுற்றி, முன்பகுதியை இருளாக்கிப் பின்பகுதியைப் பதிந்தனர். இடத்தின் ஒருமைக்குச் சான்றாகக் காட்டப்பெற்ற காட்சியே இருவேறு பதிவுகளின் சேர்க்கை என்பது இதனால் புலனாகிறது.

இங்கும் கோட்பாடு முற்றாகப் பொய்த்துவிடவில்லை. பார்வையாளர் ஒருமையையே உணர்கிறார். ஆகவே பசானின் கருத்தைப் பதிவின் மெய்ம்மை குறித்ததாகக் கொள்ளாமல், காட்சியுணர்வின் மெய்ம்மை குறித்ததாகத் திருத்திக் கொள்ள வேண்டியுள்ளது. இத்திருத்தத்தைத் தூண்டியது ஆக்கம் பற்றிய அறிவு.

இன்றைய மாணவருக்கு இதில் மேலும் ஒரு பாடம் உண்டு. கைப்பேசியின் ஒளியுணரி மிகச் சிறியது. அதனால் பெரும்பாலான காட்சிகளில் ஆழக்குவியம் தானாகவே அமைந்துவிடுகிறது. 1941இல் பெருமுயற்சியால் பெறப்பட்டது இன்று முயலாமலே கிடைக்கிறது. பின்புலத்தை மங்கச் செய்வதற்கே முயற்சி தேவைப்படுகிறது. ஆகவே ஒரு காட்சிமுறையின் பொருளை அது தோன்றிய காலத்தின் கருவிகளோடு பொருத்தியே கூறுதல் வேண்டும்.

5. வழக்கை வினவும் கோட்பாடு: தொலைக்காட்சித் தொடர்

மேற்கண்ட இரு சான்றுகளிலும் செய்முறை கோட்பாட்டைத் திருத்தியது. தொலைக்காட்சியில் இதற்கு எதிர்த்திசை இயக்கத்தையும் காணலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நிலையக் கூடத்தில் மூன்று ஒளிப்பதிவுக் கருவிகள் ஒரே நிகழ்வை ஒரே வேளையில் நோக்க, கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் தயாரிப்பாளர் காட்சி மாற்றியின் வழியே அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது தொலைக்காட்சிக்கே உரிய முறை. திரைப்படத்தில் பதிவுக்குப் பின் நிகழும் படத்தொகுப்பு இங்குப் பதிவின்போதே நிகழ்கிறது.

இம்முறையின் விளைவுகள் காட்சியில் தெரியும். மூன்று கோணங்களுக்கும் ஏற்ப ஒளியமைக்க வேண்டியிருப்பதால் ஒளி சமனாகப் பரவும். நிழலுக்கு இடம் குறையும். கருவிகள் ஒன்றையொன்று காட்டிவிடாதிருக்க அறையின் ஒருபக்கம் திறந்தே இருக்கும். நடிப்பவர்கள் அப்பக்கம் நோக்கியே நிற்பர். 625 கோடுகள் கொண்ட பழைய ஒளிபரப்பில், சிறிய திரையில், தொலைக்காட்சிகள் தெளிவிழந்தன. ஆகவே அண்மைக்காட்சிகள் மிகுந்தன. நாள்தோறும் ஒளிபரப்பாகும் நெடுந்தொடர்கள் ஒற்றைக் கருவியால் பதிவானபோதும் இவ்வழக்குகளில் பலவற்றைத் தொடர்ந்தன. ஓர் அதிர்ச்சிச் சொல்லுக்குப் பின் குடும்பத்தார் ஒவ்வொருவரின் முகமும் அடுத்தடுத்துக் காட்டப்படுவது இன்று நெடுந்தொடரின் அடையாளமாகவே மாறியுள்ளது.

இதனைத் தொழில்வசதி என்று கூறி முடித்துவிடுதல் எளிது. எதிர்வினை முகங்கள் நேரத்தை நிரப்பும்; விடுபட்டதை மூடும்; குறைந்த செலவில் பதிவாகும். ஆனால் கோட்பாடு எழுப்பும் வினா இங்குத்தான் தொடங்குகிறது. எந்த முகம் முதலில் காட்டப்படுகிறது? எவருடைய முகம் இறுதியில் நின்று அந்நாளின் பகுதியை முடிக்கிறது? வீட்டுப் பணியாளரின் முகம் அவ்வரிசையில் இடம்பெறுகிறதா? வசதிக்காகத் தோன்றிய வழக்கு, குடும்பத்துள் எவருடைய உணர்வு மதிப்புடையது என்னும் கருத்தைச் சுமக்கத் தொடங்குகிறது. செய்தவர் தம் கைப்பழக்கத்தால் காணத் தவறும் இதனைக் கோட்பாடே புலப்படுத்த வல்லது.

6. இந்தியச் சூழலில் இணைப்பும் பிரிவும்

1960இல் புனேயில் பிரபாத் படப்பிடிப்பு நிலையம் இருந்த வளாகத்தில் அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964இல் அதே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அமைந்தது. தில்லியில் இயங்கிவந்த தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவு 1974இல் புனேக்கு மாறியது. ஆவணக்காப்பகப் படங்களை ஷாட் ஷாட்டாகப் பகுத்துக் காட்டும் திரைப்பட இரசனைக் கல்வியைச் சதீஷ் பகதூர் அங்கு வளர்த்தார். ரித்விக் கட்டக் சிறிது காலம் அங்குக் கற்பித்தார். படக்கூடமும் ஆவணக்காப்பகமும் வகுப்பறையும் அருகருகே இருந்த இச்சூழல், ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) என்னும் தமிழ்ப்படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாமையும், ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திராவையும் உருவாக்கியது.

தமிழ்நாட்டில் சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்களின் கூட்டு முயற்சியான ‘ஊமை விழிகள்’ (1986) செய்முறைக் கல்வியின் வலிமையை வணிகத் திரையிலேயே மெய்ப்பித்தது. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளை ‘கதை நேரம்’ என்னும் தொலைக்காட்சித் தொடராக்கியதும், பிற்காலத்தில் தம் சினிமாப் பட்டறையில் மாணவர்களை இலக்கியம் படிக்கச் செய்ததும், திரைக்கலைஞர் இலக்கியத்தை நோக்கி வந்தமைக்குச் சான்றுகள். இலக்கிய மாணவர் திரைக்கலையின் ஆக்கத்தை நோக்கிச் செல்லும் பாதை இதற்கு இணையாக வளரவில்லை. கீழ்வரும் பயிற்சிகள் அப்பாதைக்கு உரியவை.

7. முன்மொழியப்படும் பயிற்சிகள்

7.1 ஒரு முகம், மூன்று பொருள். மாணவர் ஒருவரின் உணர்ச்சியற்ற முகத்தையும், சோற்றுத்தட்டு, வெறுங்கட்டில், விளையாடும் குழந்தை ஆகியவற்றையும் தனித்தனியே பதிந்து இணைத்தல். ஒவ்வோர் இணைப்பையும் வெவ்வேறு குழுவினருக்கே காட்ட வேண்டும். மூன்றையும் ஒருவரே கண்டால் சோதனையின் நோக்கத்தை ஊகித்துவிடுவார். அவர்கள் கண்ட உணர்வைத் தம் சொற்களில் எழுதச் செய்து, பின்னர் அவ்விடைகளைத் தொல்காப்பியரின் எண்வகை மெய்ப்பாடுகளுள் அடக்க முயல வேண்டும். அடங்காதவை எவை என்பது தனி ஆய்வுக்குரியது. மெய்ப்பாடு நடிப்பவரின் உடலில் தோன்றுவதா, காண்பவரால் ஏற்றியுரைக்கப்படுவதா என்னும் பழைய வினா இங்குப் புதிய தரவுகளோடு எழும். நோக்குத்திசையை வேண்டுமென்றே பொருந்தாமல் வைத்து, இதே பயிற்சியை மீண்டும் செய்தல் பயன்தரும்.

7.2 உரைநடையின் ஒரு கணம். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ மூச்சு அடங்கிய கணத்திலிருந்து தொடங்குகிறது. ஒருத்தி இறந்துகிடக்கிறாள் என்பதைக் காட்டுதல் எளிது. சற்றுமுன்னரே உயிர் பிரிந்தது என்பதை எவ்வாறு காட்டுவது? ஓர் அசைவற்ற உடல், எவ்வளவு நேரத்திற்கு முன் அசைவற்றதாயிற்று என்பதைக் கூறாது. கணவரின் கையையோ அவர் தயங்கும் கால அளவையோ நாட வேண்டும். அல்லது மூச்சொலியை முதலில் கேட்கச் செய்து நிறுத்த வேண்டும். இம்மூன்றையும் செய்து பார்க்கும் மாணவர், உரைநடை ஒரே வினைமுற்றில் உணர்த்திவிடும் காலத்தைத் திரை ஒலியாலும் நீட்சியாலும் ஈடுசெய்வதை அறிவார். மூலக்கதைக்கும் படத்துக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைப் பட்டியலிடும் தழுவல் ஆய்வுகள் இதனால் ஆழம் பெறும்.

7.3 இருமுறைப் பதிவு. நான்கு நிமிடக் குடும்ப உரையாடல் ஒன்றை, மூன்று கைப்பேசிகளால் இடைநிறுத்தாமல் ஒருமுறையும், ஒரே கைப்பேசியால் ஷாட் ஷாட்டாக மற்றொருமுறையும் பதிதல். இரண்டிலும் எவருடைய முகம் எத்தனை நொடி காட்டப்பட்டது எனக் கணக்கிட வேண்டும். அவ்வேறுபாடு கருவியால் நேர்ந்ததா, குழுவினரின் பழக்கத்தால் நேர்ந்ததா என வாதிடச் செய்தல் இப்பயிற்சியின் நிறைவுப் பகுதி.

மூன்று பயிற்சிகளிலும் மாணவர் ஆக்கக் குறிப்பேடு ஒன்றை எழுதுதல் வேண்டும். ஒவ்வொரு தெரிவும் எதற்காகச் செய்யப்பட்டது, எது கைவிடப்பட்டது, எது தற்செயலாக நேர்ந்தது என்பன அதில் இடம்பெறும். மதிப்பீடு படத்தின் அழகை நோக்காது இக்குறிப்பேட்டின் காரணத்தெளிவையே நோக்க வேண்டும்.

8. தடைகளும் விடைகளும்

தமிழ்த்துறையின் பணி படம் எடுப்பதா என்னும் தடை எழலாம். வெண்பாப் பயிற்சி யாப்பாசிரியரின் பணியாக இருந்தது போன்றதே இதுவும். கருவிகளுக்குச் செலவாகும் என்பது இரண்டாவது தடை. படச்சுருளே இல்லாமல் குலெசோவின் மாணவர்கள் பயின்றதை நோக்க, கைப்பேசியும் படத்தொகுப்புச் செயலியும் உள்ள இன்றைய வகுப்பறை வறியதன்று. ஆய்வு நெறியாளர்களே இதில் பயிற்சி பெறாதவர்கள் என்பது மூன்றாவது தடை. இதுவே மெய்யான தடை. காட்சித் தொடர்பியல் துறையினரோடு இணைந்து கற்பிப்பதும், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் ஆகியோரை நேர்காணலுக்கான தகவலாளர்களாக மட்டும் கொள்ளாமல் உடனாசிரியர்களாக அழைப்பதும் இதற்கு வழியாகும்.

செய்முறைக்கு எல்லையும் உண்டு. கைப்பேசியில் மூன்று காட்சிகள் எடுத்ததால் ஒருவர் பெரும்பொருட் செலவிலான படத்தின் உருவாக்கத்தை அறிந்தவராகிவிட மாட்டார். தணிக்கை, முதலீடு, வெளியீடு, நட்சத்திர மதிப்பு முதலியன சிறு பயிற்சிக்குள் அடங்கா. அவற்றுக்கு ஆவணங்களும் களஆய்வும் தேவை.

9. முடிவுரை

குலெசோவ் சோதனை, பட்டறையில் பிறந்த கோட்பாடும் மீண்டும் பட்டறையிலேயே சோதிக்கப்பட வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பசானின் சான்று, பார்வையாளர் இருக்கையிலிருந்து எழும் கோட்பாடு ஆக்க அறிவால் திருத்தம் பெறுவதைக் காட்டுகிறது. தொலைக்காட்சித் தொடர், தொழில்வழக்கு தன்னை அறியக் கோட்பாட்டை வேண்டி நிற்பதைக் காட்டுகிறது. எனவே கோட்பாட்டை முதல் பருவத்திலும் செய்முறையை இறுதிப் பருவத்திலும் வைக்கும் பாடத்திட்டத்தைவிட, ஒவ்வொரு கோட்பாட்டையும் அதற்குரிய சிறு பயிற்சியோடு உடனுக்குடன் இணைக்கும் பாடத்திட்டமே பொருத்தமானது. தூண்நிழல் விழாமல் விளக்கு வைக்கப்பட்டதைக் காப்பியத்தில் படித்து மகிழும் நாம், நம் மாணவரின் கையிலும் ஒரு விளக்கைக் கொடுத்து, அதன் நிழல் எங்கு விழுகிறது என்று பார்க்கச் செய்தல் வேண்டும்.